4,020 ரூபாய்

2005 செப்டம்பர் 27, செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரம் ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் பிற்பகல் நேரத்தில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் உதயகுமார். பழைய இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தவர்.

ஃபோர்ட் காவல் நிலையத்துக் காவலர்கள் இருவரையும் பிடித்துச் சென்றார்கள். உதயகுமாரிடம் 4,020 ரூபாய் இருந்தது. கூலி வேலை செய்பவர் கையில் அவ்வளவு பணம் இருந்தால் அது திருட்டுப் பணமாகத்தான் இருக்கும் என்ற சந்தேகத்தில்தான் விசாரணை தொடங்கியது. ஓணத்துக்குக் கிடைத்த போனஸ், அம்மாவுக்குப் புதுத்துணி எடுக்க வைத்திருந்தார் என்ற தகவல் பின்னால்தான் செய்தித்தாள்களில் வந்தது.

அன்றிரவு உதயகுமார் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உயிர் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்து நேமம், பாப்பனங்கோடு, கைமனம் தாண்டி ஆற்றுப்பாலம் ஏறுகிற இடம் கரமனை. அக்கிரகாரமும் தமிழ்ப் பேச்சும் பல தலைமுறைகளாக ஊன்றிய பகுதி. அந்தக் கரமனையில்தான் உதயகுமாரின் தாய் பிரபாவதி அம்மா இருந்தார். உதயகுமார் அவருக்கு ஒரே மகன்.

* * *

சென்ற வாரம்

நெருக்கடி நிலைக் காலத்தில் 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட மாணவர் ராஜனின் கதையைச் சென்ற பகுதி சொன்னது. தந்தை ஈச்சர வாரியர் ஓராண்டுக்கு மேல் மனுக்களோடு அலைந்தார். நெருக்கடி நிலை விலகியதும், 1977 மார்ச்சில், கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். மகனைக் கொண்டுவந்து நிறுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. கொண்டுவர மகன் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் உள்துறையைக் கையில் வைத்திருந்த கே. கருணாகரன் முதலமைச்சர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. காவல் அதிகாரிகள் மீதான குற்ற வழக்கு கோயம்புத்தூரில் நடந்தது. யாருக்கும் தண்டனை நிலைக்கவில்லை.

கக்கயம் போலீஸ் முகாமில் ராஜனுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட சித்திரவதைக்கு மலையாளத்தில் உருட்டல் என்று பெயர். பெஞ்சில் மல்லாக்கக் கிடத்தி, தொடைமேல் உலக்கையை வைத்து அழுத்தி உருட்டுவது. நெல் குத்தும் உலக்கைதான்.

29 ஆண்டுகள் கழித்து, நெருக்கடி நிலை எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில், அதே சொல் திரும்பி வந்தது. உதயகுமாரின் வழக்குக்குக் கேரளத்தில் வழங்கும் பெயர் உருட்டிக் கொலை வழக்கு.

* * *

உடல் சொன்ன சாட்சி

ராஜன் வழக்குக்கும் இந்த வழக்குக்கும் முதல் வேறுபாடு உடல். ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. உதயகுமாரின் உடல் கிடைத்தது.

செப்டம்பர் 28 அன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை நடந்தது. தொடைத் தசைகள் நசுங்கியிருப்பதை மருத்துவர் கண்டு எழுதினார். கனமான, உருளை வடிவப் பொருளைத் தொடைமேல் வைத்து உருட்டியதால் வந்த காயம் என்ற முடிவுக்கு அது இடம் தந்தது. இரும்புக் குழாய் என்றது அரசுத் தரப்பு.

இந்தக் காயத்தின் தன்மையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லத்தியால் அடித்தால் தோலில் தழும்பு விழும், எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். உருட்டலில் தோல் பெரும்பாலும் கிழியாது. அடியில் தசைநார்கள் அரைபட்டு, ரத்தம் தசைக்குள்ளேயே தேங்குகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் நடந்ததுபோல் தெரியாது. பல தலைமுறைக் காவலர்கள் இந்த முறையைக் கைமாற்றி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்க முடியும். உலக்கை போய் இரும்புக் குழாய் வந்ததே தவிர முறை மாறவில்லை.

தோலைக் கீறித் தசையைப் பார்த்த ஒரு மருத்துவர் கண்டதைக் கண்டபடி எழுதியதால்தான் இந்த வழக்கு பிறந்தது. மாரடைப்பு என்று ஒரு சொல் அந்தத் தாளில் விழுந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

இன்னொரு விவரம் உண்டு. காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட திருத்தம், நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2005 ஜூனில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுவிட்டது. நடைமுறைக்கு வந்ததோ 2006 ஜூன் 23-இல். உதயகுமார் இறந்தது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்.

* * *

இரண்டு மணிகள்

பிற்பகலில் பிடிக்கப்பட்டவர் இரவில் இறந்தார். இடைப்பட்ட மணிநேரங்களில் அவர் எங்கே இருந்தார், யார் பொறுப்பில் இருந்தார்? காவல் நிலையத்தின் பதிவேடுகள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிவேடுகளே வழக்கின் இரண்டாம் பாதியாக மாறின.

உதயகுமார் இறந்த பிறகு அவர்மேல் திருட்டு வழக்குப் பதிவு செய்யப்பட்டது, இரவில்தான் கைதானதாகக் காட்டும்படி நாட்குறிப்பு திருத்தி எழுதப்பட்டது என்று புலனாய்வு பின்னால் குற்றஞ்சாட்டியது. கைதான நேரம் தள்ளிப்போனால், நிலையத்தில் கழிந்த மணிநேரங்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

இப்படி ஒரு மோசடிக்கு இடம் இருக்கவே கூடாது என்றுதான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் 11 கட்டளைகளை இட்டது. கைது செய்யும்போதே ஒரு குறிப்பாணை எழுத வேண்டும். நேரமும் தேதியும் அதில் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். 48 மணிநேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டு, பத்தாண்டு நடந்து, பெற்ற தீர்ப்பு அது.

தீர்ப்பு வந்து ஒன்பதாவது ஆண்டில், மாநிலத் தலைநகரில், பத்மநாப சுவாமி கோயிலுக்கு அருகில் உள்ள காவல் நிலையத்தில் உதயகுமாரின் கைது நடந்தது.

* * *

முதல் விசாரணை உடைகிறது

வழக்கை முதலில் மாநிலக் குற்றப்பிரிவு விசாரித்தது. விரைவு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். பூங்காவிலிருந்து உதயகுமாரோடு சேர்த்துப் பிடிக்கப்பட்ட நண்பர், உள்ளே நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே வெளி ஆள், அவரும் மாறினார்.

வழக்கின் மையச் சிக்கல் இதுதான், இந்தத் தொடரின் மற்ற வழக்குகளும் இதையே சுற்றி வருகின்றன. தெருவில் நடக்கும் கொலைக்குக் கடைக்காரர், வழிப்போக்கர், அண்டை வீட்டார் சாட்சி. காவல் நிலையத்துக்குள் நடக்கும் மரணத்துக்கு யார் சாட்சி? பணியில் இருந்த காவலர்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களும் காவலர்கள். தடயத்தைச் சேகரிப்பவரும் பதிவேட்டை வைத்திருப்பவரும் அதே துறையினர். உள்ளே இருந்த பொதுமக்களில் ஒருவர் உயிருடன் இருந்தால், அவர் மறுபடியும் அதே ஊரில், அதே காவல் நிலையத்தின் எல்லைக்குள் வாழ வேண்டும்.

தாயிடம் இருந்தது பிரேதப் பரிசோதனை அறிக்கை மட்டுமே.

பிரபாவதி அம்மா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மாநிலக் காவல் துறை தன்னைத் தானே விசாரித்துக்கொள்வதில் நம்பிக்கை இல்லை, மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை. 2007-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. பாதி நடந்த விசாரணை நின்றது. சிபிஐ எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எடுத்தது.

அந்த மனு இல்லையென்றால், பிறழ்ந்த சாட்சிகளோடு முதல் வழக்கு விடுதலையில் முடிந்திருக்கும். வழக்கின் போக்கைத் திருப்பியவர் வக்கீலோ அரசியல்வாதியோ அல்ல, கரமனைத் தாய்.

* * *

சிபிஐயின் கணக்கு

சிபிஐ இரண்டு குற்றப்பத்திரிகைகள் போட்டது. ஒன்று கொலைக்கு, மற்றொன்று பதிவேடுகளைப் போலியாக எழுதித் தடயத்தை மறைத்ததற்கு.

சாட்சிச் சிக்கலுக்கு சிபிஐ கண்ட வழி அப்ரூவர். குற்றத்தோடு தொடர்புள்ள ஒருவர் தனக்குத் தெரிந்த முழு உண்மையையும் சொல்ல ஒப்புக்கொண்டால், நீதிமன்றம் அவருக்கு மன்னிப்பு அளித்து அரசுத் தரப்புச் சாட்சியாக்கலாம். அன்று நிலையத்தில் பணியிலிருந்த, பதிவேடு எழுதிய காவலர்கள் சிலர் இந்த வழியில் சாட்சிக் கூண்டுக்கு வந்தார்கள். காவலர்களின் வாயைத் திறக்க வேறு வழி எதுவும் தென்படவில்லை என்பது உண்மை. ஆனால் அப்ரூவர் சாட்சியம் இரண்டு பக்கமும் கூர்மையானது. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். மன்னிப்புத் தந்த முறையில் ஒரு பிசகு இருந்தாலும் சாட்சியம் முழுவதும் ஆட்டம் காணும்.

அந்தப் பிசகு பிறகு வரும்.

விசாரணை நீண்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் நடுவிலேயே இறந்துபோனார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிரபாவதி அம்மாவுக்கு வயது கூடிக்கொண்டே போனது.

* * *

2018 ஜூலை 25

திருவனந்தபுரம் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் இரண்டு காவலர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம். தடயத்தை மறைத்ததற்காக மேலும் மூன்று அதிகாரிகளுக்குச் சிறை. பணியில் இருக்கும் காவலர் ஒருவருக்குக் கேரளத்தில் தூக்கு விதிக்கப்படுவது இதுவே முதல்முறை என்று செய்தித்தாள்கள் எழுதின.

13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த நாள் எல்லா நாளிதழ்களின் முதல் பக்கத்திலும் ஒரு முதியவளின் முகம். தாயின் போராட்டத்தைத் தழுவி அனந்த் நாராயண் மகாதேவன் ‘மாய் காட்’ என்ற மராத்தித் திரைப்படம் எடுத்தார். தாயாக நடித்த உஷா ஜாதவுக்கு 2019 கோவா பன்னாட்டுத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. கரமனைத் தாயின் கதை மராத்தியில் நாடு சுற்றியது.

ஆனால் சட்டத்தின் பார்வையில் வழக்கு முடியவில்லை. விசாரணை நீதிமன்றம் விதிக்கும் தூக்கு, உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் செல்லும். குற்றவாளிகளும் மேல்முறையீடு செய்தார்கள். கோப்புகள் எர்ணாகுளம் போயின. இன்னும் ஏழு ஆண்டுகள்.

* * *

2025 ஆகஸ்ட் 27

உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு எல்லோரையும் விடுவித்தது.

உதயகுமார் இறந்து சரியாக 19 ஆண்டு 11 மாதம்.

சிபிஐயின் புலனாய்வில் கடும் குறைகள் இருந்தன என்றது தீர்ப்பு. சாட்சிகளை அப்ரூவர்களாக மாற்றிய முறை சட்டப்படி சரியில்லை. அந்தச் சாட்சியத்தை நீக்கிவிட்டால் மீதி இருப்பதைக் கொண்டு குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடியவில்லை.

நீதிபதிகளைக் குறை சொல்வது எளிது. உயிரைப் பறிக்கும் தண்டனை ஒன்று முன்னால் இருக்கும்போது சாட்சியத்தை உரசிப் பார்ப்பது அவர்களின் கடமை, குற்றம் சாட்டப்பட்டவர் காவலர் என்பதற்காக அளவுகோல் சுருங்கக் கூடாது. விடுவிக்கப்பட்டவர்கள் சட்டத்தின் முன் நிரபராதிகள். அதனாலேயே இந்தப் பகுதியில் அவர்களின் பெயர்கள் இல்லை.

ஆனாலும் பிரேதப் பரிசோதனை அறிக்கை அப்படியே இருக்கிறது. தசைகள் நசுங்கியது பொய்யாகிவிடவில்லை. பூட்டிய அறைக்குள் நடந்ததற்குப் பூட்டுக்கு வெளியே சாட்சி தேடச் சொல்லும் ஒரு முறை, இரண்டு புலனாய்வு அமைப்புகள், இரண்டு விசாரணைகள், 20 ஆண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு தாயை மறுபடியும் முதல் நாளில் கொண்டுபோய் நிறுத்தின.

* * *

இரண்டு கதவுகள்

காவலில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இந்தியச் சட்டத்தில் இரண்டு கதவுகள் உண்டு. இந்த வழக்கு எந்தக் கதவின் முன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் அரசுமேல் இழப்பீட்டு வழக்கே நிற்காது. மீரட்டில் 1947-இல் போலீஸ் ஒரு நகை வியாபாரியிடம் தங்கத்தைப் பறிமுதல் செய்தது. காவலில் வைத்த தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். 1964-இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதும் பறிமுதலும் இறையாண்மைச் செயல்கள், அதில் ஊழியர் செய்த தவறுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றது. தங்கத்துக்கே அந்தக் கதி என்றால், உயிருக்கு?

1983-இல் பீகாரின் ருதுல் ஷா வழக்கு அந்தச் சுவரில் ஓட்டை போட்டது. 1968-இல் விடுதலையான மனிதரை 1982 வரை சிறையிலேயே வைத்திருந்தார்கள். ரிட் மனுவிலேயே உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 14 ஆண்டுக்கு அந்தத் தொகை மிகச் சிறியது, வாசல் பெரியது.

சுவரை முழுதாக இடித்தவர் ஒரிசாவின் ஒரு தாய், நீலாபதி பெஹரா. 1987 டிசம்பர் 1 அன்று போலீஸ் அழைத்துப்போன 22 வயது மகனின் உடல் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ். தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அது மனுவாக ஏற்கப்பட்டது. 1993-இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு 1,50,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. அடிப்படை உரிமையைப் பறித்த வழக்கில் இறையாண்மைப் பாதுகாப்பு பேச முடியாது, காவலில் இருந்தவர் எப்படி இறந்தார் என்று விளக்க வேண்டியது அரசுதான் என்ற நெறி அங்கே நிலைபெற்றது.

அது முதல் கதவு. அங்கே அரசு பதில் சொல்ல வேண்டும், இன்ன காவலர் என்று விரல் நீட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது கதவு குற்ற வழக்கு. அங்கே யார் செய்தது என்று அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். பிரபாவதி அம்மா 20 ஆண்டுகள் நின்றது இந்தக் கதவின் முன். பணத்தால் அவர் கேள்விக்குப் பதில் கிடைக்காது, அவருக்குத் தேவைப்பட்டது பெயர்.

இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைச் சட்ட ஆணையம் 1985-லேயே பார்த்துவிட்டது. தனது 113-ஆவது அறிக்கையில் சாட்சியச் சட்டத்தில் 114-பி என ஒரு பிரிவைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. காவலில் இருந்தபோது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், அந்த நேரத்தில் அவரைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அதிகாரியே அதை ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், மறுக்க வேண்டியது அதிகாரியின் பாரம். 1995-இல் ஷியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியது. மத்தியப் பிரதேசக் காவல் நிலைய மரணம் ஒன்றில், கண்ணால் பார்த்த சாட்சி இல்லை என்று சிலரை உயர் நீதிமன்றம் விட்டிருந்தது. சக காவலரைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்ற நடைமுறையை மறந்து கண்ட சாட்சி கேட்பது சரியல்ல என்று கண்டித்த உச்ச நீதிமன்றம், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே தண்டித்தது.

114-பி இன்றுவரை சட்டமாகவில்லை. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பாரதிய சாட்சியச் சட்டம் 2023-இல் நிறைவேறியபோதும் அது சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியானது.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது வழக்கை நிற்கவைத்தது, நீதித்துறை நடுவரின் முன் வாய்திறந்த ஒரு பெண் காவலர். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னது. தடயம் அழிவதற்குள் வெளியாள் உள்ளே போனார். 2005-இல் ஃபோர்ட் நிலையத்துக்குள் அப்படி யாரும் போகவில்லை. அன்று கண்காணிப்புக் கேமரா கிடையாது. காவல் நிலையங்களில் கேமரா வைத்தாக வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு வர 2020 டிசம்பர் ஆயிற்று.

* * *

2025 ஆகஸ்ட் தீர்ப்புக்குப் பிறகு வழக்கின் நிலை இதுதான். ஒரு மனிதர் பிற்பகலில் உயிரோடு காவல் நிலையம் போனார். இரவில் நசுங்கிய தொடைகளோடு சடலமாக மருத்துவமனை போனார். நடுவில் அவர் காவலர்களின் பொறுப்பில் இருந்தார். குற்றவாளி என்று எவரும் இல்லை.

1995-இல் மத்தியப் பிரதேச வழக்கில் கண்ட சாட்சி இல்லாமலேயே உச்ச நீதிமன்றம் தண்டித்தது. அப்ரூவர்களின் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு, மருத்துவரின் அறிக்கையையும் நாட்குறிப்பில் திருத்தப்பட்டதாகச் சொல்லப்படும் நேரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால், உதயகுமாரின் வழக்கு அதே கோட்டில் நிற்குமா? நிற்காதென்றால், அன்று நிலையத்துக்குள் உதயகுமாரின் அருகே நின்றவர்கள் யார்?

(தொடரும்)